கொதியாத நீரில் ஒரு முட்டை

கொட்டாஞ்சேனையில் அறையொன்றை வாடகைக்குப் பெற்றுத் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர் எழுதிய கடிதம் சென்ற வாரம் எமக்குக் கிடைத்தது. எண்ணெயில் பொரிக்காமலும், ஓட்டோடு அவிக்காமலும், முட்டையை உடைத்து வெறும் நீரில் இட்டு வேகவைக்கும் முறையை அவர் அறிய விரும்புகின்றார். ஆங்கிலச் சமையற் புத்தகமொன்றின் படத்திலே அம்முட்டை சிறு தலையணை போல உருண்டு திரண்டு காட்சி தந்ததாம். தாம் செய்தபோதோ வெண்கரு நூல் நூலாகப் பிரிந்து பாத்திரம் முழுவதும் நுரை பொங்க, மஞ்சட்கரு மாத்திரம் தன்னந்தனியே அடியில் கிடந்ததாம். "மூன்று முட்டைகள் வீணாகிவிட்டன. நான்காவதை உடைக்கக் கை வரவில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கின்றார்.

முதல் வரிகளைப் படித்து நாம் நகைத்தது உண்மை. கடைசி வரியைப் படித்தபின் நகைப்பு வரவில்லை. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாயும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாயும் உச்ச விலையென அரசாங்கம் நிர்ணயித்ததையும், பின்னர் கடை கடையாக ஏறி இறங்கியும் முட்டை கிடையாது திரும்பியதையும் கொழும்பில் குடும்பம் நடத்திய எவரும் மறந்திரார். 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. அதுவும் முதலில் வெதுப்பகங்களுக்கென்றே வழங்கப்பட்டது. மாதச் செலவை எண்ணி எண்ணி நடத்தும் ஒரு மாணவிக்கு மூன்று முட்டை என்பது மூன்று நாட் காலையுணவு. ஆகவே நான்காவது முட்டை கெடாதிருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு இக்கட்டுரையை எழுதுகின்றோம். (சிவப்பு முட்டைக்குச் சத்து அதிகம் என்று எண்ணி இரண்டு ரூபாய் கூடக் கொடுப்போர்க்கு ஒரு வார்த்தை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. உள்ளே இருப்பதில் வேற்றுமை இல்லை.)

இவ்வுணவுக்குத் தமிழிலே நிலைபெற்ற பெயர் இல்லை. ஆங்கிலத்தில் 'போச்' என்பர். பிரெஞ்சு மொழியிற் பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறந்தது. வெண்கருவானது பை போல நின்று மஞ்சட்கருவைத் தன்னுள்ளே பொதிந்து வைத்திருப்பதாற் பெற்ற பெயர் அது. ஓட்டோடு இளக்கமாக அவிப்பதை நாம் 'அரை அவியல்' என்போம்; இது அதுவன்று. இக்கட்டுரையளவில் இதனை 'உடைத்தவித்த முட்டை' என்று சொல்லிக்கொள்வோம். இதனினும் நல்ல பெயரை வாசகர் எவரேனும் எழுதியனுப்பின் மகிழ்வோடு ஏற்போம்.

எம்முடைய அனுபவமும் அம்மாணவியின் அனுபவத்தினின்று வேறுபட்டதன்று. சில ஆண்டுகளின் முன் எமது அன்னையார் டெங்குக் காய்ச்சலினின்று தேறி, யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தையிலுள்ள எமது தொடர்மாடி வீட்டிற்கு வந்து சில வாரங்கள் தங்கியிருந்தார். வாய் கசந்து போயிருந்தது; எண்ணெய்ப் பண்டம் எதனையும் கண்ணெடுத்தும் பாரார். புரதமுள்ள மெல்லிய உணவு கொடுக்குமாறு வைத்தியர் கூறியிருந்தார். நாமும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு, வினாகிரி ஊற்றி, கரண்டியாற் சுழியொன்றை உண்டாக்கி, அச்சுழியின் நடுவே முட்டையை உடைத்து ஊற்றினோம். வடித்தெடுத்துத் தட்டில் வைத்ததை அன்னையார் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை, இதென்ன முட்டையோ, நனைஞ்ச பஞ்சோ?"

பின்னர் தாமே மெல்ல எழுந்து வந்து, சமையலறை வாயிலில் ஒரு கதிரையைப் போடச் சொல்லி அமர்ந்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, "இண்டைக்கு என்ன கிழமை?" என்பது. வியாழன் என்றோம். வெள்ளியாயின் அந்த முட்டைக்கு அன்று கதியில்லை. அடுத்த கேள்வி பானையைப் பற்றியது. மரக்கறிச் சொதி காய்ச்சும் பானையை எடுக்க விடாமல், மச்சம் சமைக்கும் வேறொரு சட்டியை எடுக்கச் செய்தார். தேங்காய் துருவி, பால் பிழிந்து, சொதி கூட்டி, அதனுள் முட்டையை உடைத்து விடும்படி பணித்தார். நாம் பழக்க தோஷத்தால் அடுப்பைத் தூண்டப் போனோம். "அடுப்பைக் குறை. கொதிக்க விட்டியெண்டால் பாலும் திரைஞ்சு போம், முட்டையும் கலைஞ்சு போம்" என்றார்.

அன்று அவர் இடியப்பத்தோடு அம்முட்டையை முழுவதும் உண்டார். காய்ச்சலுக்குப் பின் அவர் மீதம் வைக்காது உண்ட முதல் உணவு அதுவே. அவர் கூறிய அந்த ஒற்றை வாக்கியத்திலே, நாம் புத்தகத்தில் தேடிய செய்தி முழுவதும் அடங்கியிருந்ததைப் பின்னரே உணர்ந்தோம்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்காகக் காரணத்தைச் சற்று விரித்துரைப்போம். நீர் கொதிப்பது 100 பாகை செல்சியஸ் வெப்பநிலையில். முட்டை திரள்வதற்கு அத்துணை வெப்பம் வேண்டியதில்லை. வெண்கருவிலுள்ள புரதங்களுள் ஒன்று ஏறத்தாழ 61 அல்லது 62 பாகையிலேயே திரளத் தொடங்கிவிடும். வெண்கருவில் மிகுதியாக உள்ள மற்றொரு புரதம் ஏறத்தாழ 80 பாகையில்தான் இறுகும். மஞ்சட்கருவோ 65 பாகையளவிற் தடித்து, 70 பாகையளவில் உறைந்துவிடும். எனவே 80 முதல் 90 பாகை வரையிலான நீரே இவ்வேலைக்கு வேண்டியது. அதற்கு மேலுள்ள வெப்பத்தால் வெண்கரு இறப்பர் போலாகின்றது. அதனினும் பெரிய தீங்கு, கொதிக்கும் நீரின் குமுறலால் விளைவது. வெண்கரு உருப்பெறு முன்னரே குமிழிகள் கீழிருந்து மோதி அதனைக் கிழித்தெறிகின்றன. பாத்திரத்தின் அடியிற் சிறு சிறு முத்துக்கள் போலக் குமிழிகள் ஒட்டியிருந்து, ஒன்றிரண்டு மாத்திரம் மேலெழும் நிலையே தகுந்த நிலை. வெப்பமானி தேவையில்லை; கண் போதும்.

இனித் தேங்காய்ப்பாலுக்கு வருவோம். பாலிலே கலந்து நிற்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகளைப் பிரியவிடாது தாங்கி நிற்பவையும் புரதங்களே. கடுமையாகக் கொதிக்கவிட்டால் அப்புரதங்கள் திரண்டுவிட, பால் திரைந்து எண்ணெய் மேலே மிதக்கும். அதனாலன்றோ சொதியைக் கொதிக்கவிடலாகாதென்று எம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். பாலைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்தப் பழக்கம், முட்டைக்கும் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. வெப்பமானி கண்டறியாத அடுப்படியிலே, திரைந்த பாலே வெப்பமானியாக இருந்தது.

ஆனால் அடுப்பைக் குறைத்தும் சிலருக்கு முட்டை கலைகின்றது. அக்குற்றம் சமைப்பவருடையதன்று, முட்டையின் வயதினது. புதிய முட்டையொன்றைத் தட்டில் உடைத்துப் பார்ப்பின், மஞ்சட்கருவைச் சுற்றித் தடித்த வெண்கரு மேடாக நிற்கவும், அதன் புறத்தே நீர்த்த வெண்கரு சிறிதளவு பரவவும் காணலாம். ஓட்டிலே கண்ணுக்குப் புலப்படாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. நாள் செல்லச் செல்ல அவற்றின் வழியே காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. வெண்கருவின் காரத்தன்மை மிகுகின்றது. தடித்த பகுதி இளகி நீர்த்துப் போகின்றது. நூல் நூலாகப் பிரிவது இந்த நீர்த்த பகுதியே. முட்டையின் தரத்தைத் தடித்த வெண்கருவின் உயரங்கொண்டு அளக்கும் முறையை அமெரிக்கரான ரேமண்ட் ஹோ 1937 ஆம் ஆண்டில் வகுத்தார். இன்றும் முட்டைத் தொழிலார் அவர் பெயராலேயே அவ்வளவைக் கூறுகின்றனர்.

கொழும்பின் வெக்கையில், கடை வாயிலில் வெயில் படும்படி அடுக்கப்பட்ட முட்டைத் தட்டிலே ஒரு நாள் இருந்த முட்டை, குளிர்சாதனப் பெட்டியிற் பல நாள் இருந்ததற்குச் சமமாக முதிர்ந்துவிடும். ஆகையால் உடைத்தவித்த முட்டைக்கு, சரக்கு விரைந்து விற்றுத் தீரும் கடையாகப் பார்த்து வாங்குக. வீட்டிற் சோதிக்கும் முறை எல்லோரும் அறிந்ததே. குளிர்ந்த நீரில் இட்டால் புதியது படுத்துக் கிடக்கும். சற்றுப் பழையது நுனியில் நிமிர்ந்து நிற்கும். மிகப் பழையது மிதக்கும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் காற்றறை பெருப்பதே இதற்குக் காரணம். நிமிர்ந்து நிற்பது கெட்டதன்று. அதனை ஓட்டோடு அவித்துவிடலாம். தோலுரிப்பதற்குப் பழையதே நல்லது. மிதப்பதை உடைக்காமலே எறிந்துவிடுக.

புதிய முட்டை கிடையாதவர்க்கும் ஒரு வழியுண்டு. முட்டையைத் தேநீர் வடியிலோ, நுண்ணிய துளையுள்ள கரண்டியிலோ உடைத்து ஊற்றிச் சில விநாடிகள் பொறுத்திருந்தால், நீர்த்த வெண்கரு வடிந்துபோகும். தடித்த வெண்கருவும் மஞ்சட்கருவும் மேலே தங்கும். இச்சிறு உபாயத்தைப் போலப் பயன் தருவது வேறொன்றையும் நாம் கண்டிலோம். வடிந்ததை வீணாக்க வேண்டா. மறுநாட் பொரியலிற் சேர்த்துக்கொள்ளலாம்.

நீரில் அவிக்கும் முறை வருமாறு. அகன்ற பாத்திரத்தில் நான்கு விரற்கடை உயரத்துக்கு நீர் ஊற்றிச் சிறிது உப்பிட்டுக் கொதிக்கவைத்து, பின் அடுப்பைக் குறைத்துக் குமிழிகள் அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். வடித்த முட்டையைச் சிறு கோப்பையில் இட்டு, கோப்பையின் விளிம்பு நீரைத் தொடும்படி தாழ்த்தி மெல்லச் சரித்து விடுக. உயரத்திலிருந்து ஊற்றினால் உடையும். மூன்று நிமிடத்தில் வெண்கரு திரண்டு மஞ்சட்கரு இளகிய நிலையில் இருக்கும். ஐந்தாறு நிமிடமாயின் மஞ்சட்கருவும் இறுகும். துளைக்கரண்டியால் எடுத்துத் துணியில் ஒற்றி நீர் போக்கி, மிளகுதூள் தூவி உண்ணலாம்.

வினாகிரி வேண்டுமா என்று கேட்பீர்கள். அமிலம் புரதத்தை விரைந்து திரளச் செய்யும் என்பது உண்மையே. ஆயினும் மேற்பரப்பு சொரசொரப்பாகி, புளிப்பும் ஏறிவிடுகின்றது. எமது தென்னை வினாகிரி சம்பலுக்கும் ஊறுகாய்க்கும் உரியது. முட்டையிடம் அதற்கு வேலையில்லை என்பது எமது துணிபு. சுழி உண்டாக்கும் வித்தையையும் கைவிட்டோம். அது ஒரு முட்டைக்கே ஆகும். நால்வருக்குச் சமைக்கும் வீட்டில் ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் வாகனத்தைத் தவறவிடுவர்.

உண்மையைச் சொன்னால், வெறும் நீரில் அவித்த முட்டை எம்மவர் நாவுக்குச் சப்பென்றே இருக்கும். பிறநாட்டாரும் அதனை வெறுமையாக உண்பதில்லை. துருக்கியர் பூண்டு கலந்த தயிரின் மேல் அம்முட்டையை வைத்து, மிளகாய் கலந்த வெண்ணெயை உருக்கி ஊற்றுவர். வட ஆபிரிக்க மக்கள் தக்காளிக் குழம்பில் முட்டைகளை உடைத்துவிட்டு அதிலேயே வேகவைப்பர். தமிழ்நாட்டிற் புளிக்குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றும் வழக்கமுண்டு. கொட்டாஞ்சேனைத் தெருவோரத்திலே மாலை வேளையில் அப்பம் சுடுவோரைக் கவனித்திருப்பீர்கள். மா ஓரத்தில் முறுகத் தொடங்கியதும் நடுவே முட்டையை உடைத்து மூடிவிட, உள்ளெழும் ஆவியே அதனை வேகச் செய்கின்றது. அதுவும் இவ்வுணவுக்கு நெருங்கிய உறவே. எனினும் நோயாளிக்கும் மாணவர்க்கும் ஒருங்கே ஏற்றது சொதி முட்டை என்பதே எமது முடிவு.

இருவருக்குப் பாதித் தேங்காய் போதும். முதற்பாலை ஒரு கோப்பையளவு பிழிந்து தனியே வைத்துக்கொண்டு, இரண்டாம் பாலை இரண்டு கோப்பையளவு எடுக்க வேண்டும். இரண்டாம் பாலில் அரிந்த சின்ன வெங்காயம் ஆறேழு, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றை இட்டு, வெங்காயம் வேகும்வரை காய்ச்சுக. இப்பொழுது அடுப்பைக் குறைத்து, இரு முட்டைகளையும் ஒன்றையொன்று தொடாதவாறு சரித்து விட்டு மூடிவிட வேண்டும். ஆறு நிமிடம் அகப்பையைத் தொடலாகாது. இங்கேதான் பலர் தவறுகின்றனர். சொதியைத் துழாவிக்கொண்டேயிருப்பது வழக்கம். துழாவாவிட்டால் பால் திரையுமென்ற அச்சம். துழாவினாலோ முட்டை சிதையும். ஆகவேதான் முதற்பாலை முன்னரே சேர்க்காமல், முட்டை திரண்ட பின்னர் ஓரமாக ஊற்றி, சட்டியை இரு கையாலும் பிடித்து மெல்ல அசைத்து, ஓரத்தில் ஆவி எழுந்ததும் இறக்கிவிட வேண்டும்.

மஞ்சட்கரு இளகி ஓடுவதே இவ்வுணவின் சுவையென்பர் அறிந்தோர். நாமும் அதனை மறுக்கவில்லை. ஆனால் முட்டையிலே சல்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். அது மஞ்சட்கரு இறுகும் வெப்பத்திலேயே உறுதியாக அழியும். பிரித்தானியாவில் 1988 ஆம் ஆண்டு இக்கிருமியைப் பற்றிய பேச்சால் எழுந்த பெரும் கலவரத்திலே ஓர் இளநிலை அமைச்சர் பதவி துறக்க நேரிட்டது. பின்னர் அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசியிட்டு, முட்டைகளில் சிங்க முத்திரை பொறிக்கும் ஏற்பாடு நிலைபெற்றது. 2017 இலேதான், அம்முத்திரையுள்ள முட்டையை இளகிய நிலையிற் கர்ப்பிணிகளும் முதியோரும் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர நிறுவனம் அறிவித்தது. மூலைக்கடைத் தட்டிலிருந்து எண்ணியெடுத்துத் தரப்படும் முட்டைக்கு அத்தகைய உறுதி ஏதும் இல்லை. ஆதலால் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோயுற்றுத் தேறுவோர் ஆகியோருக்கு மஞ்சட்கரு முற்றாக இறுகும்வரை அவித்தே கொடுக்க வேண்டும். எமது அன்னையாருக்கும் அவ்வாறே கொடுத்தோம். சொதியில் மிதந்து வந்தமையால் இறுகியதும் வறண்டு போகவில்லை.

இவ்விடத்து வேறொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பூப்படைந்த பெண்பிள்ளைக்கு நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுக்கும் வழக்கம் எம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதைச் சொல்லிச் சிரிக்கும் பெண்கள் எத்தனையோ பேர். பிள்ளையின் உடல் உரம்பெற வேண்டுமென்ற அன்பே அவ்வழக்கத்துக்குக் காரணம். ஆனால் பச்சையாக உண்பதால் உரம் கூடுவதில்லை. பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றின்படி, வேகவைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு உடலாற் செரிக்கப்பட, பச்சை முட்டையில் நூற்றுக்கு 51 பங்கே செரிக்கப்பட்டது. ஆய்வுக்குட்பட்டோர் ஒரு சிலரே ஆயினும், வேற்றுமை பெரிது. கிருமியின் ஆபத்தும் சேர்ந்தால் பச்சை முட்டைக்காக வாதாட ஒன்றுமில்லை. பாட்டிமார் கோபியாதிருப்பாராக. அதே முட்டையைச் சொதியில் இட்டுக் கொடுப்பின் பிள்ளை மூக்கைப் பிடிக்க வேண்டியதுமில்லை.

இறுதியாகக் கடிதம் எழுதிய மாணவிக்கு. அறையிலே அடுப்பு இல்லை, மின்கேத்தல் மாத்திரமே உண்டு என்று எழுதியிருந்தீர்கள். கேத்தலுக்குள்ளேயே முட்டையை உடைத்துவிடும் எண்ணம் இருப்பின் கைவிடுக. எமது நண்பரொருவர் அவ்வாறு செய்து, பின்னர் ஒரு மாதம் முட்டை நாற்றத்தோடு தேநீர் அருந்தினார். மூடியுள்ள கனத்த பாத்திரமொன்றை முதலிற் சுடுநீரால் அலம்பிச் சூடேற்றுக. ஒரு லீற்றர் அளவு கொதிநீரை அதில் ஊற்றி, வடித்த முட்டையொன்றைச் சரித்து விட்டு, மூடி, ஒரு துவாயாற் சுற்றி ஐந்து நிமிடம் வைத்திருங்கள். நீர் குறைவாயின் விரைவில் ஆறிவிடும். 2022 இன் நடுப்பகுதியில், காஸ் சிலிண்டருக்காக வரிசையிற் காத்துக் கிடந்த நாட்களில், அடுப்பை அணைத்த பின்னும் நீரிலே எஞ்சியிருக்கும் சூட்டைக் கொண்டு சமைக்கும் இம்முறையை நாம் பழகிக்கொண்டோம். இதில் மஞ்சட்கரு இளகியே இருக்கும். ஆகையால் உடல்நலம் குன்றிய நாட்களில் இதனைத் தவிர்த்து, வீட்டுக்காரரின் அடுப்பிலே சொதி வைக்க அனுமதி கேளுங்கள். முட்டைச் சொதி வைக்கப் போகின்றோம் என்றால், வெள்ளிக்கிழமை தவிர்ந்த எந்நாளும் அவர் மறுக்கமாட்டார் என நம்புகின்றோம்.

தேசிக்காய்ப் புளியை எப்பொழுது விடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டியை இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பின்னரே விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.